தமிழ்வழிக் கணித வினாத்தாளுக்கு லேடெக்: எங்கே தொடங்குவது

"வினாத்தாளை எதுல அடிக்கிறீங்க? தொகையீடு, அணி எல்லாம் புத்தகத்துல இருக்கிற மாதிரியே வருதே!" பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதம் எடுக்கும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. லேடெக் என்ற அச்சுக்கோக்கும் மென்பொருளில் என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறவங்களுக்கு இல்லையா? அதுல தமிழ் வருமா?" நன்றாகவே வரும். ஆனால் தமிழில் தொடங்குகிறவருக்கு எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் குறைவு. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

லேடெக்கின் அடித்தளமான டெக், கணிதம் அச்சில் அழகாக வர வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது. 1977இல் கணினி அறிஞர் டொனால்ட் நூத் தன் நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புச் செய்ய வந்த மெய்ப்பைப் பார்த்தார். முதல் பதிப்பு ஈய எழுத்தில் கோத்தது, பார்க்க நன்றாக இருந்தது. புதிய ஒளி அச்சுக்கோப்பில் வந்த மெய்ப்பு அவருக்குப் பிடிக்கவே இல்லை. நூலை எழுதுவதை நிறுத்திவிட்டு அச்சுக்கோக்கும் நிரலை எழுத உட்கார்ந்துவிட்டார். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எளிய கட்டளைகளை அமைத்துத் தந்ததுதான் லேடெக். நான் இந்தக் கதையை விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூத்திரம் கோணலாக இருந்தால் படிப்பவருக்குப் பொருள் தடுமாறும் என்று கவலைப்பட்ட ஒருவர் செய்த கருவி இது. தேர்வு அறையில் அடுக்குக்குறி எங்கே முடிகிறது என்று தெரியாமல் விழிக்கும் மாணவிக்கும் அதே கவலை நம்மிடமிருந்து கிடைக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். லேடெக்கில் நீங்கள் எழுதுவது வெறும் உரைக் கோப்பு. எது தலைப்பு, எது வினா, எது சூத்திரம் என்று அடையாளம் மட்டும் இடுகிறீர்கள். அதை நிரலிடம் கொடுத்தால் பிடிஎஃப் ஆக்கித் தரும். ஒவ்வொரு கட்டளையும் பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும். இங்கே கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதல் நாளே எதையும் நிறுவ வேண்டாம். லேடெக்கைக் கணினியில் நிறுவ உதவும் டெக் லைவ் முழுத் தொகுப்பு பல ஜிபி வரும், பள்ளி இணைய வேகத்தில் அது ஒரு நாள் வேலை. ஓவர்லீஃப் தளத்தில் கணக்குத் தொடங்கினால் உலாவியிலேயே எழுதிப் பார்க்கலாம். உள்ளே போனதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அமைப்புகளில் கம்பைலர் என்ற இடத்தில் பிடிஎஃப்லேடெக் என்று இருப்பதை ஸீலேடெக் என்று மாற்றுங்கள். தமிழுக்கு இது கட்டாயம். பழைய பிடிஎஃப்லேடெக் யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்ளாது. ஸீலேடெக்கின் அடித்தளமான ஸீடெக்கை ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட பிறகுதான் கணினியில் இருக்கும் எந்த ஓப்பன்டைப் எழுத்துருவையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது. இதே வேலையைச் செய்யும் லுவாலேடெக்கும் நல்லதுதான், அதில் எழுத்துருவோடு, எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்துக்கு ஸீலேடெக் போதும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என் தேர்வு. இலவசம், தடித்த வடிவமும் உண்டு, நகல் எடுத்தாலும் கோடு உடைவதில்லை. பல மொழிகளைக் கையாளும் பாலிகிளாசியா என்ற தொகுப்பை (லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) அழைத்து, முதன்மை மொழி தமிழ் என்று சொல்லி, தமிழ்ஃபான்ட் என்ற பெயரில் இந்த எழுத்துருவை அறிமுகப்படுத்துங்கள். அந்த வரியில் சதுர அடைப்புக்குள் 'ஸ்கிரிப்ட் = தமிழ்' என்று எழுத மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகக் கிடக்கும். தமிழ் வராது என்று பலர் கைவிட்டது இந்த ஒரு சொல்லால்தான் என்று நினைக்கிறேன். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தாள்கள் கையில் இருந்தால் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கான மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன.

கணிதம் டாலர் குறிகளுக்கு நடுவில் போகும். பின்னத்துக்கு ஃபிராக், மூலத்துக்கு ஸ்க்வர்ட், தொகையீட்டுக்கு இன்ட். ஒரு மாலையில் பழகிவிடும். ஆனால் நம் தாள்களில் மட்டும் வரும் சில இடங்களைப் பொதுவான பாடக் குறிப்புகள் சொல்வதில்லை. 2இன் அடுக்கு 10 என்று எழுதும்போது 10ஐ நெளிவு அடைப்புக்குள் போடாவிட்டால் 1 மட்டும் மேலே ஏறும், 0 கீழேயே நின்றுவிடும். ஒரு லட்சத்தை 1,00,000 என்று டாலருக்குள் எழுதினால் ஒவ்வொரு காற்புள்ளிக்குப் பின்னும் இடைவெளி விழுந்து மூன்று தனி எண்கள் போலத் தெரியும். காற்புள்ளியை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் சரியாகும். சைன், காஸ், லாக் எல்லாவற்றுக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு வேண்டும், இல்லாவிட்டால் மூன்று மாறிகளின் பெருக்கல் போலச் சாய்ந்த எழுத்தில் வரும்.

இவற்றைவிட முக்கியமானது 'எனில்'. துண்டுவாரியாக வரையறுக்கப்பட்ட சார்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இந்தச் சொல் வரும். அதை அப்படியே டாலருக்குள் எழுதினால் பிடிஎஃப்பில் காணாமல் போய்விடும், ஏனென்றால் கணித எழுத்துருவில் தமிழ் இல்லை. ஏஎம்எஸ்மேத் தொகுப்பின் டெக்ஸ்ட் கட்டளைக்குள் வைத்தால் ஒழுங்காக வரும். அணிகளும் அணிக்கோவைகளும் அதே தொகுப்பில் இருக்கின்றன: பிமேட்ரிக்ஸ் என்றால் வளைவு அடைப்பு, விமேட்ரிக்ஸ் என்றால் நிலைக்கோடு.

வினாத்தாளுக்கென்றே பிலிப் ஹிர்ஷ்ஹார்ன் எழுதிய எக்ஸாம் என்ற ஆவண வகை இருக்கிறது. இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். நம் மேல்நிலைத் தாளின் கட்டமைப்பு உங்களுக்குத் தெரியும்: 20 ஒரு மதிப்பெண் வினாக்கள், இரண்டு மதிப்பெண்ணில் 7, மூன்று மதிப்பெண்ணில் 7, ஐந்து மதிப்பெண்ணில் 7, மொத்தம் 90. வினா எண்ணை நீங்கள் போடவே வேண்டாம். நடுவில் ஒன்றை நீக்கினால் மற்றவை தானாக எண் மாறும். மதிப்பெண்ணைச் சதுர அடைப்பில் கொடுத்தால் வலது ஓரத்தில் வரச் செய்யலாம். கொள்குறி வினாவுக்குச் சாய்ஸஸ் என்ற சூழல் (தொடக்கக் கட்டளைக்கும் முடிவுக் கட்டளைக்கும் நடுவில் எழுதும் பகுதி), விருப்பக் குறிகளை அ, ஆ, இ, ஈ என்று மாற்றிக்கொள்ளலாம். நான்காம் பகுதியின் 'அல்லது' வினாக்களைப் பார்ட்ஸ் சூழலில் எழுதி நடுவில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது விடைக்குறிப்பு. சரியான விருப்பத்தைக் கரெக்ட்சாய்ஸ் என்று குறித்து, பெரிய வினாக்களுக்கு அடியிலேயே தீர்வையும் சொல்யூஷன் சூழலில் எழுதிவிடுவேன். மாணவர்களுக்கான தாளில் அது எதுவும் தெரியாது. கோப்பின் தலையில் பிரின்ட்ஆன்சர்ஸ் என்ற ஒரு கட்டளையைச் சேர்த்தால் அதே கோப்பு விடைக்குறிப்பாக மாறிவிடும். வினாவைத் திருத்திவிட்டு விடையைத் திருத்த மறக்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, ஏனென்றால் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் கண்ணெதிரே இருக்கின்றன. திருத்தும் மையத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல், நீளமான சொற்கள். 'வகைக்கெழுச் சமன்பாட்டிலிருந்து' வரியின் கடைசியில் வந்தால் நிரல் திணறும், ஓவர்ஃபுல் எச்பாக்ஸ் என்று எச்சரிக்கும், சொல் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். டெக் ஒரு பத்தி முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் எங்கெங்கே வரியை முறிப்பது என்று முடிவு செய்கிறது. அதற்குச் சொல்லை முறிக்கும் இடங்கள் தெரிய வேண்டும். தமிழுக்கான முறிப்பு விதிகள் டெக் லைவிலேயே இருக்கின்றன, மொழி தமிழ் என்று முன்பே அறிவித்திருந்தால் அவை வேலை செய்யும். அப்படியும் நீட்டினால் எமர்ஜென்சிஸ்ட்ரெட்ச் என்ற அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து அமைக்கும் தாளில் இது அவசியம் தேவைப்படும்.

பிழைச் செய்தி வந்தால் முதல் செய்தியை மட்டும் படியுங்கள், அதன் பின்னால் வரும் இருபதும் பெரும்பாலும் அதன் எதிரொலிதான். 'மிஸ்ஸிங் டாலர்' என்றால் அடுக்குக்குறியோ கீழ்க்கோடோ டாலருக்கு வெளியே இருக்கிறது. 'அன்டிஃபைன்ட்' என்றால் கட்டளையில் எழுத்துப்பிழை, அல்லது தொகுப்பை அழைக்கவில்லை. வரி எண்ணையும் அதுவே சொல்லும்.

முதல் முயற்சிக்கு அரையாண்டுத் தாளை எடுக்காதீர்கள், ஓர் அலகுத் தேர்வு போதும். பத்து வினா, ஒரு பக்கம். கூம்பு வளைவுகள் போன்ற படம் தேவைப்படும் பாடங்களைத் தள்ளி வையுங்கள். படத்துக்கு டிக்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அது தனிக் கடல். அதுவரை ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் வரைந்து, பிடிஎஃப்பாக எடுத்துத் தாளில் சேர்த்துக்கொள்ளலாம். ஜியோஜீப்ரா கிளாசிக்கில் படத்தை டிக்ஸ் நிரலாகவே ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு. அந்த நிரலைத் திறந்து, பரவளையத்தின் எண்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். நான் டிக்ஸ் கற்றது அப்படித்தான்.