பற்று 3, வரவு 89

எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் யாரும் அதை மைதானம் என்று உடனே ஒப்புக்கொண்டதில்லை. மலேயாவில் வட்டிக்கடை வைத்திருந்து திரும்பிய என் ஐயா தலைமுறையினர், அங்கே துரைமார் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஆசையில், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செம்பூராங்கல் பொட்டலில் ஒன்பது குழிகளை வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். குழியைச் சுற்றிப் பசும்புல் வளர்க்க எங்கள் மண்ணும் மழையும் இடம் கொடுக்காததால், பழைய எண்ணெயை மணலில் கலந்து பரப்பி, பலகையால் வட்டமாக இழைத்து வைத்திருக்கிறோம். வறண்ட ஊர்களில் ஆடிய துரைமார் இத்தகைய மணல் தளத்துக்கு 'பிரவுன்' என்று உண்மையான பெயரையே வைத்தார்கள். நாங்கள் மரியாதை கருதி இன்றும் 'கிரீன்' என்றுதான் சொல்கிறோம். உறுப்பினர்கள் ஆறு பேர். அவர்களில் நான் செயலாளர். மற்ற ஐவருக்கும் அதைவிடப் பெரிய பதவிகள் உண்டு.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் ஆச்சி (அக்காள்) மகன், சென்ற ஆடி மாதம் விடுமுறைக்கு வந்தபோது, ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். வளவில் உட்கார்ந்து கந்தரப்பம் தின்றுகொண்டே, "அம்மான், நம்ம மைதானத்துல ஒரு டிஸ்க் கோல்ஃப் போட்டி வைப்போமா?" என்று கேட்டான். கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு, அது விழ வேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். இந்தத் தட்டோ ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அகலமும் 175 கிராம் எடையும் கொண்டது. ஆகவே இது எந்தக் குழிக்குள் போகும் என்று நான் கேட்டேன். குழியே கிடையாது, கம்பத்தில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு கூடையைப் பொருத்தி, குறைந்த வீச்சுகளில் தட்டை அதற்குள் சேர்ப்பவரே வெல்வார் என்று அவன் விளக்கினான்.

இந்த விளையாட்டை வளர்த்த எட் ஹெட்ரிக் என்பவரைப் பற்றியும் சொன்னான். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது வெறும் கம்பங்களைத்தான் நட்டார்களாம். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற சச்சரவு தீராததால், சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்து 1977இல் காப்புரிமையும் வாங்கினாராம். 2002இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்களாம். இதுவரை எதையும் காதில் வாங்காமல் பூக்கட்டிக்கொண்டிருந்த என் ஆச்சி, "பாவம், ராமேஸ்வரம் பக்கத்துல இல்லாத ஊருல வேற என்னதான் செய்வாங்க" என்று இரக்கப்பட்டார்கள்.

மைதானம் 23 பங்காளிகளின் பெயரில் இருக்கிறது. சிங்கப்பூர் முதல் கோயம்புத்தூர் வரை இருக்கும் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்கியதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர், பழைய வீட்டின் பின்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று 11 நாள் இழுத்தடித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் தலைவருக்கு இருந்த ஒரே கவலை கிரீன்களைப் பற்றியது. 36 பேர் அவற்றின் மீது நடந்தால் இழைத்த மணல் என்னாவது என்று கேட்டார். கூடைகளைக் கிரீன்களிலிருந்து 15 மீட்டர் தள்ளி நடலாம், கிரீன்கள் அத்தனையையும் எல்லைக்கு வெளியே என்று அறிவித்துவிடலாம், தட்டு அங்கே போய் நின்றால் ஒரு வீச்சு தண்டனையாகக் கூடும் என்று ஆச்சி மகனான மருமகன் சொன்னான். தட்டை எடுப்பதற்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்ற விதியைத் தலைவர் தாமாகச் சேர்த்தார். பட்டறையில் பற்றவைத்து வாங்கிய ஒன்பது கூடைகளையும் வேனிலிருந்து இறக்கியபோது, கோகுலாஷ்டமி இன்னும் வரவில்லையே, அதற்குள் எதற்கு உறியடி என்று மூன்று பேர் விசாரித்தார்கள். ஒன்பது கூடைக்கும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களின் பெயரை வைக்கலாம் என்று பொருளாளர் ஆசைப்பட்டார். எந்தக் கோயிலை ஒன்பதாவதாக வைப்பது என்ற கேள்வி எழுந்ததும், எண்களே போதும் என்று அவரே முடித்துக்கொண்டார்.

எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கூடையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் முறைக்கு 'ஷாட்கன் ஸ்டார்ட்' என்று பெயர். மருமகன் எழுதிக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் இந்தச் சொல்லைப் பார்த்த துணைத் தலைவர், துப்பாக்கிக்கு உரிமம் வாங்க நாள் போதாது என்று கருதி, கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடுபவரை யாரிடமும் சொல்லாமல் ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு காலை சரியாக 7 மணிக்கு வேட்டு வெடித்தது. கருவேலங்காட்டுக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அத்தனையும் ஒரே பாய்ச்சலாக வெளிப்பட்டு, மனிதர்கள் வெறுங்காலோடு மட்டுமே மிதிக்கலாம் என்று நாங்கள் தீர்மானம் போட்டிருந்த நான்கு கிரீன்களைக் குளம்போடு கடந்து போயின. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தெரிந்திருந்தும், 175 கிராம் தட்டை வைத்து ஆடியில் போட்டி நடத்தியது யார் தவறு என்று இப்போது ஆராய்வதில் பயனில்லை. வலக்கைக்காரர் புறங்கை வீச்சாக வீசும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுழன்று, வேகம் குறையும்போது இடப்புறமாகச் சாய்ந்து இறங்கும்; எதிர்க்காற்று பலமாக இருந்தாலோ வலப்புறம் திரும்பி மேலே எழும்பிவிடும். பெங்களூரிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் இதைக் கணக்கிட்டுத் தாழ்வாக வீசினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தட்டுகள் மேல்காற்றில் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தன. ஒரு தட்டு மூன்றாம் கூடைக்கு அருகிலிருக்கும் ஒற்றைப் பனையின் காவோலைக்குள் செருகிக்கொண்டது. 200 ரூபாய் பேசி ஏறியவர், அந்தத் தட்டோடு, தலைவரின் பெயரெழுத்து பொறித்த பழைய கோல்ஃப் பந்து ஒன்றையும் கீழே போட்டார். அதே மூன்றாம் குழியில் ஒரே அடியில் பந்தை விழுத்தியதாகவும், பின்னர் அதை யாரோ குழியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவும் தலைவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். பந்தை யாரும் எதுவும் பேசாமல் என்னிடம் கொடுத்தார்கள்; நானும் பேசாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவகோட்டையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவரை, கடைசிக் குழுவில் ஓர் ஆள் குறைந்ததால், மரியாதைக்காக ஆடச் சொன்னோம். அவர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் சீர் கொண்டுபோவதைப் போலத் தட்டை இரு கைகளாலும் ஏந்தி, அப்படியே முன்னால் தள்ளிவிட்டார். ஒவ்வொரு வீச்சும் பத்தடி போனது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கைதட்டினோம். இரண்டாம் சுற்றின் எட்டாம் கூடையில் மட்டும், அவருடைய தட்டுக்கு எங்கிருந்தோ சிறகு முளைத்து, நேராக ஊருணிக்குள் போய் விழுந்து, மற்ற பெரும்பாலான டிஸ்க்குகளைப் போலவே மூழ்கியது.

அது குடிதண்ணீர் ஊருணி. குடத்தோடு நின்றிருந்த பெண்கள், தட்டை எடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று எங்களை மறித்தார்கள். ஆனால் தண்ணீருக்குள் கால் வைக்கவும் விடவில்லை. படித்துறையில் குப்புறப் படுத்து, துரட்டிக் கம்பால் நானும் மருமகனும் ஒரு மணி நேரம் துழாவினோம்.

அதற்குள் பரிசளிப்பு தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே முதல் பரிசான குத்துவிளக்கைக் கொடுத்தாக வேண்டும் என்று அவசரப்பட்டிருக்கிறார்கள். கணக்கு எழுதியவர், இளவயதில் பினாங்கில் வட்டித் தொழில் நடந்த கிட்டங்கியில் பேரேடு எழுதிய எங்கள் கணக்குப்பிள்ளை. 18 கூடைக்கும் கூடைக்கு மூன்றாக 54 வீச்சுகள் என்பது அடிப்படை, அதற்கு மேல் போனால் கூட்டல், குறைந்தால் கழித்தல் என்று மருமகன் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். எது உயர்வு என்பதைச் சொல்லத் தோன்றவில்லை. 51 வீச்சுகளில் முடித்த பெங்களூர்ப் பெண்ணின் பெயருக்கு நேரே அவர் 'பற்று 3' என்று எழுதியிருந்தார். 143 வீசிய என் சம்பந்தியின் பெயருக்கு நேரே 'வரவு 89' என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தார்.

நனைந்த வேட்டியோடு நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது, சம்பந்திக்குப் பொன்னாடை போர்த்தி முடித்து, ஐந்துமுகக் குத்துவிளக்கை அவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள். நான் கணக்குப்பிள்ளையைத் தனியே அழைத்து மெதுவாக விளக்கினேன். கடன் வைத்தவளுக்கு முதல் பரிசு கொடுக்கும் கணக்கை எந்தக் கிட்டங்கியிலும் தாம் பார்த்ததில்லை என்று அவர் சொல்லிவிட்டார். பெண் கொடுத்த வீட்டில் விளக்கைத் திருப்பிக் கேட்கும் துணிச்சல் 23 பங்காளிகளில் எவருக்கும் இல்லை.

மறுநாள் காரைக்குடிக்குப் போய், அதே அளவில் இன்னொரு விளக்கை என் கைக்காசில் வாங்கிப் பெங்களூருக்கு அனுப்பினேன். அந்தத் தொகையை மட்டும் கணக்குப்பிள்ளை எந்தக் குழப்பமும் இல்லாமல் செலவில் எழுதினார். போன வாரம் சம்பந்தி தொலைபேசியில் அழைத்து, அடுத்த ஆடியில் போட்டி எந்தத் தேதியில் என்று கேட்டார். வீட்டு முற்றத்தில் தினமும் பழகி வருவதாகவும், இந்த முறை 150ஐத் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கை இருப்பதாகவும் சொன்னார்.