ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு காலைப்பொழுது

செட்டிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பங்களாக்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலையாக ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற வண்ணக் கல், அதாவது டைல்ஸ், செய்கிற ஏதாவது ஒரு பட்டறைக்குள் போய் உட்காருங்கள். ஊரிலிருந்து வந்து இன்னும் துணிகூடத் துவைக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சமதரையில் கம்பு ஊன்றிக் கொஞ்சம் நடப்பார், தூரம் என்றால் சக்கர நாற்காலி, படி என்றால் முடியவே முடியாது. அதனால் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் கோயிலையும் சாப்பாட்டையும் விசாரிப்பதற்கு முன்னால் படிகளைத்தான் விசாரிப்பேன். செட்டிநாட்டு வீடுகளோ தெருவிலிருந்து நன்றாகத் தூக்கிக் கட்டியவை. படியேறினால் திண்ணை, அதைத் தாண்டி முகப்பு, அப்புறம் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். கட்டுக்குக் கட்டு நிலைப்படி வேறு.

பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி போய்ச் சேர்ந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஆட்டோக்காரரிடம்தான் சிக்கினோம். ஆத்தங்குடி, கானாடுகாத்தான் இரண்டும் போய்வர 1,800 ரூபாய் கேட்டார். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் "இதுக்குத் தனியா 200" என்றார். மடக்கினால் சீட்டுக்குப் பின்னால் அடங்கிவிடுகிற நாற்காலி அது! நாற்காலிக்குக் காசு கேட்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, முகத்துக்கு நேராகவே சொன்னேன். பேசிப் பேசி 1,400-க்கு வந்தார். அதுவே அதிகம். கால் நன்றாக இருக்கிறவர்கள் காரைக்குடியிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் கானாடுகாத்தான். தெருக்கள் அழகு, அதில் சந்தேகமே இல்லை. அகலமான நேர்த்தெருக்கள், இரண்டு பக்கமும் முகப்பில் சுதைச் சிற்பங்களோடு நிற்கிற வீடுகள். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் என்கிற இந்த ஊர்ச் செட்டியார்கள் சம்பாதித்த காசு தேக்காகவும் பளிங்காகவும் கப்பலேறி இந்த வறண்ட ஊர்களுக்கு வந்திருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, இருக்கவேண்டியவைதான். ஆனால் நாங்கள் பார்க்கப் போன ஒரு வீட்டில் வாசலிலேயே எட்டுப் படி. சாய்தளம் இல்லை, பலகைகூட இல்லை. சீட்டுக் கொடுப்பவர் "தூக்கிட்டுப் போங்களேன்" என்றார். அம்மாவை நான் ஒருத்தியாகத் தூக்க முடியாது. "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் வேப்பமரத்தடியில இருக்கேன்" என்றார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு வீட்டைக் காட்டுகிறவர்கள் ஒரு மரப்பலகை செய்து வைத்தால் என்ன? தேக்குக்கா பஞ்சம் அந்த ஊரில்?

கோபத்தோடுதான் ஆத்தங்குடிக்குப் போனோம். அங்கே தெருவை ஒட்டி ஒரு பட்டறை. தெருவும் பட்டறைத் தரையும் ஒரே மட்டம். கல்லை வண்டியில் ஏற்றி இறக்க வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள், அது அம்மாவுக்கும் வசதியாகிவிட்டது. நாற்காலி நேராக உள்ளே உருண்டது. "வாங்கத்தா, நெழலுக்கு வாங்க" என்று உள்ளிருந்து குரல். கட்டணம் இல்லை, எங்கிருந்து வருகிறீர்கள், வாங்குவீர்களா மாட்டீர்களா என்ற கேள்வியும் இல்லை. கல்லை அடுக்கிக்கொண்டிருந்த பையன் அம்மா பார்ப்பதற்குத் தோதாக ஒரு அடுக்கையே நகர்த்தி வைத்தான்.

அது ஒரு குடும்பம் நடத்துகிற பட்டறை. பெரியவர் வண்ணம் கலக்கிறார், அவர் மனைவி ஊற்றுகிறார், மகன் சிமென்ட்டுக் காரையை வைத்து மட்டம் செய்கிறான். சூளை இல்லை, கல்லைச் சுடுவதே இல்லை. ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூவோ கொடியோ வடிவமாக வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமென்ட்டும் ஆக்சைடு வண்ணமும் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஊற்றியதும் அச்சை நேராக மேலே தூக்குகிறார்கள். இவ்வளவு தண்ணியாக இருக்கிறதே, எல்லாம் கலந்து சேறாகப் போகிறது என்று நான் பதறினேன். கலக்கவில்லை! சிவப்பு சிவப்பாகவே பச்சைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன்மேல் மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவுகிறார்கள், அது மேலே நிற்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அப்புறம் ஈரக் காரையை நிரப்பி அழுத்தி மட்டம் செய்கிறார்கள். அதாவது நாம் கால் வைக்கப்போகிற முகம் கீழே கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. கல்லின் வழவழப்புக்குக் காரணம் அந்தக் கண்ணாடிதான். ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டி, சில நாள் ஊறல், மறுபடி காயவைப்பது. அதன்பின் கண்ணாடி தானே விட்டு வந்துவிடுகிறது.

அம்மா பிறந்த வீட்டில் காவித் தரை. அதனால் அவருக்குக் கேள்விக்கு மேல் கேள்வி. வெயில் பட்டால் வெளுக்குமா, எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா, கழுவ என்ன போடுவது? ஊற்றுவதை நிறுத்தாமலேயே பட்டறைக்கார அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆரம்பத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் வெறும் தண்ணீர் போதும், நடக்க நடக்கத்தான் மினுக்கு வரும். "ஆசிட்டு மட்டும் ஊத்திராதீங்கத்தா, சிமிட்டியத் தின்னுரும்" என்றார். முன்பு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய தரைக் கற்களைப் பார்த்துத்தான் இங்கே செய்யத் தொடங்கினார்கள் என்று பெரியவர் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எழுந்து வந்து, "நீங்க ஒண்ணு ஊத்திப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். தரையில் உட்கார்ந்துதான் ஊற்ற வேண்டும், அம்மாவால் முடியாதே என்று நான் இழுத்தேன். மகன் ஒன்றும் சொல்லாமல் ஒரு பலகையைக் கொண்டுவந்து நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே வைத்தான். அதன்மேல் கண்ணாடி, சட்டம், அச்சு. அம்மா மஞ்சள் ஊற்றினார், பச்சை ஊற்றினார், நடுவில் காவி. கை நடுங்கி ஒரு இதழில் பச்சை வழிந்தது. "இருக்கட்டும், அதுவும் ஒரு டிசைன்" என்று அந்த அம்மா அதையும் மற்ற கற்களோடு காயவைத்தார். அரை மணி நேரம் எங்களுக்காக அவர்கள் வேலை கெட்டது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அந்த வீட்டு எட்டுப் படியும் இந்த ஒரு பலகையும் என் மனசில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

வாங்க ஆசைதான், பட்ஜெட்தான் இடித்தது. விலை சதுர அடிக் கணக்கு. அச்சில் வண்ணம் கூடக்கூட விலையும் ஏறுகிறது, ஒற்றை நிறக் கல் மலிவு. கையால் செய்வதற்கு அது நியாயமான விலைதான், பேரம் பேசத் தோன்றவில்லை. எடைதான் பிரச்சினை. காரைதானே, கனக்கிறது. பூஜை அறைக்கு மட்டும் போதுமான கல்லுக்குச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்தேன், லாரி பார்சலில் அனுப்புவார்கள். அம்மா ஊற்றிய கல்லையும் அதோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் காரைக்குடியில் ஒரு மெஸ். இதையும் சொல்லியே ஆகவேண்டும். வெளியூர்களில் செட்டிநாடு என்று பலகை மாட்டிவிட்டு மிளகாய்த்தூளைக் கொட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மட்டன் சுக்காவில் மிளகும் சோம்பும் கல்பாசியும் தனித்தனியாகத் தெரிந்தன. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்ட மண்டி என்கிற புளிக்குழம்பை அம்மா இரண்டு தரம் கேட்டு வாங்கினார். கடைசியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்ட கவுனி அரிசி. இரண்டு பேருக்கு 520 ரூபாய், ஆட்டோவுக்குக் கொடுத்த காசு அப்போது இன்னும் உறுத்தியது.

ஆத்தங்குடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கல் ஊற்றுவதைப் பார்க்க அதுதான் நல்ல நேரம். சாப்பாட்டு நேரத்தில் போய் அவர்களை எழுப்பாதீர்கள். ஆட்டோ பேசும்போது நாற்காலியையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள், ஏறிய பிறகு பேச்சு எடுபடாது.