101 ரூபாய் டீசலும் ஒன்பதடிப் பெட்டியும்

பெரிய பிக்கப் வாங்குவதென்று முடிவெடுத்து, ஷோரூமில் 10,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டிய மறு வாரம்தான் டீசல் ஏறத் தொடங்கியது. 2022 மார்ச் 22. அதற்கு முந்தைய நான்கரை மாதம் விலை அசையவே இல்லை. 2021 தீபாவளிக்கு மத்திய அரசு டீசல் வரியில் 10 ரூபாய் குறைத்ததோடு அப்படியே நின்றது. தினமும் விலை மாறும் என்று 2017-லேயே சொல்லிவிட்டார்கள், ஆனால் ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் 92-ஐ ஒட்டியே இருந்தது. பிறகு 16 நாளில் 14 தடவை ஏற்றினார்கள். ஏப்ரல் 6 அன்று 101-ஐத் தாண்டிவிட்டது.

எனக்கு வாழைக்குலை வியாபாரம். குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார் சுற்றுவட்டார விளைகளில், அதாவது தோட்டங்களில், குலை எடுத்து, இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளம் என்ற சந்தையில் விடியுமுன் இறக்க வேண்டும். பெரும்பாலும் ஏத்தன் (நேந்திரன்), கொஞ்சம் செவ்வாழை, மட்டி கிடைத்தால் அதுவும். போக வர 100 கிலோமீட்டர், ஒன்றிரண்டு கூடும் குறையும். கையிலிருந்தது 2012 மாடல் டாடா ஏஸ். நம்மூரில் குட்டியானை என்றால்தான் தெரியும். சருகு விரித்து அடுக்கினால் 55 குலை, முக்கினால் 60. விளைக்காரர் இன்னும் 30 குலை இருக்கிறது என்று சொல்லும்போது விட்டுவிட்டு வருவது வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில்தான் ஒன்பதடிப் பெட்டியுள்ள 1.7 டன் பொலிரோ பிக்கப்புக்கு அட்வான்ஸ் கட்டினேன். அந்த வண்டியின் முகரையும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன். குட்டியானையில் பத்து வருடம் முழங்காலை மடக்கி உட்கார்ந்தவனுக்கு அந்த கேபினில் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்!

டீசல் 100-ஐத் தொட்டதும் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். சந்தையில் ஆளுக்கொரு கணக்கு. பெரிய வண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி மட்டும், "மக்கா, வண்டி பெருசா இருந்தா லோடு தன்னால வரும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி எது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு மாதம் ஆனது.

முதலில் செய்த உருப்படியான காரியம் மைலேஜை நானே அளந்தது. ஷோரூமில் சொல்வது காலி வண்டியின் மைலேஜ். நமக்கு வேண்டியது குலையோடு ஓடும் மைலேஜ். அண்ணாச்சியின் வண்டியில் ஒரு நாள் டாங்க் வழிய டீசல் போட்டு, லோடோடு போய், காலியாகத் திரும்பி, அதே பங்கில், அதே பம்பில் மறுபடி வழிய நிரப்பினோம். லிட்டருக்குப் பத்தரை கிடைத்தது. தக்கலைப் பக்கம் காய்கறி லோடு அடிக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் அசோக் லேலண்ட் தோஸ்த் இருந்தது. எட்டடிப் பெட்டி, ஒன்றேகால் டன். அதில் அதே மாதிரி பார்த்தபோது 14. ஒரு நாள் ஓட்டத்தை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். இருந்தாலும் கையில் ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 கிலோமீட்டருக்குப் பெரிய வண்டி ஒன்பதரை லிட்டர் குடிக்கும், சின்னது ஏழு லிட்டருக்குச் சற்று மேல். 101 ரூபாய் விலையில் ஒன்றுக்கு 960, மற்றதற்கு 720. இதைப் பார்த்ததும் சின்னதுதான் என்று தோன்றும். ஆனால் குலைக் கணக்கில் பாருங்கள். ஏத்தன் குலை சராசரி 13 கிலோ. பெரிய வண்டியில் 130 குலை, சின்னதில் 95. முழு லோடு என்றால் ஒரு குலைக்கு டீசல் பெரியதில் 7 ரூபாய் 40 காசு, சின்னதில் 7 ரூபாய் 60 காசு. பெரியதுதான் மலிவு! அதுவே 80 குலைதான் கிடைத்தது என்றால் பெரியதில் 12 ரூபாய், சின்னதில் 9.

இன்னொன்றும் தெரிந்தது. 92-லிருந்து 101-க்குப் போனதால், இரண்டு வண்டிக்கும் இடையில் கூடிய வித்தியாசம் ஒரு ஓட்டத்துக்கு 25 ரூபாய்கூட இல்லை. வீட்டில் அத்தனை பேரும் பயந்தது இந்த ஒரு டீக்காசுக்கு. எனக்கே சிரிப்பு வந்தது. டீசல் 92-ஆக இருந்தபோது சரியாகத் தெரிந்த வண்டி 101-இல் தப்பாகிவிடாது. 101-இல் தப்பு என்றால் 92-இலும் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

ஆக, எத்தனை நாள் 95-க்கு மேல் குலை கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. பத்து வருடம் வியாபாரம் செய்தும் இல்லை. விட்டு வந்த குலைகளின் வயிற்றெரிச்சல் நினைவிருக்கிறதே தவிர, எண்ணிக்கை நினைவில்லை. ஏப்ரல் 10 முதல் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன்: ஏற்றியது, விட்டு வந்தது. ஒரு மாதத்தில் 26 ஓட்டம். இரண்டு பத்தியையும் கூட்டினால் 95-ஐத் தாண்டியது ஆறு நாள். மூன்று நாள் குட்டியானையே நிறையவில்லை. மீதி 17 நாளும் 60-க்கும் 90-க்கும் நடுவில். நான் மனதில் வைத்திருந்தது வாரத்தில் நாலு நாள் பெரிய லோடு என்று. நோட்டு எழுதியிராவிட்டால் சத்தியம் செய்திருப்பேன்.

இதற்கிடையில் காகித வேலை. குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அந்த மாதம் எத்தனை தடவை போனேன் என்று கேட்காதீர்கள். அங்கே வாசலில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் பெர்மிட் விஷயம் எனக்குப் புரிந்தது. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி பெர்மிட் வேண்டாம். தோஸ்த் அதற்குள் அடங்கும். 1.7 டன் வண்டி அடங்காது. கேரளத்துக்குத் தினமும் போக நேஷனல் பெர்மிட் எடுத்தால் வருடத்துக்கு 16,500 ரூபாய், அதோடு அங்கீகாரக் கட்டணம் 1,000. ஷோரூமில் விலைப்பட்டியல் கொடுத்தவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

லைசென்ஸில் நேர்மாறான கதை. பெரிய வண்டி ஓட்ட தனி பேட்ஜ் வேண்டும், எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டார். வேண்டியதில்லை. இலகு ரக லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரை சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லியிருந்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் கட்டணம் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். 7,500 கிலோ வரை ஒரே தட்டு, 2022 ஜூன் முதல் 16,049 ரூபாய். ஜிஎஸ்டி அப்போது 28 சதவீதம். வாழைக்குலைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் வண்டிக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. 2025 செப்டம்பரில் அது 18 ஆனபோது நான் பேப்பரைச் சற்று நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடன் விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது எங்கள் மைனி (அண்ணி). பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். ஷோரூமில் உட்கார்ந்திருந்த பைனான்ஸ்காரர் 7 சதவீதம் என்றார். வங்கியில் 10 சதவீதம் என்றார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் பைனான்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். மைனி ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, கடைசி மாசம் நீங்க கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு இருக்கும்?"

"ஒரு டியூ. பதினஞ்சாயிரம் இருக்கும்."

"அன்னைக்கும் ஏழு லட்சத்துக்குத்தான வட்டி போடுறான்?"

7 லட்சத்துக்கு ஐந்து வருடம் 7 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 2,45,000. மாதத் தவணை 15,750. வங்கியின் 10 சதவீதம் குறையும் பாக்கிக்கு. அதில் தவணை 14,873. பைனான்ஸ்காரரின் 7 சதவீதத்தை வங்கி போடும் கணக்குக்கு மாற்றினால் பன்னிரண்டரை சதவீதம் வருகிறது. 60 மாதத்தில் வித்தியாசம் 52,000 ரூபாய்க்கு மேல். அவர் பொய் சொல்லவில்லை, கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி என்று பொருள்படும் "ஃப்ளாட்" என்ற சொல்லைச் சற்று மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான்.

பெரிய வண்டிக்கு இரண்டு லட்சம் கூடுதலாகக் கடன் வாங்க வேண்டும். வங்கி வட்டியிலேயே மாதம் 4,250. பெர்மிட்டை மாதத்துக்குப் பிரித்தால் 1,450. இரண்டும் சேர்ந்து ஓட்டத்துக்கு 220 ரூபாய். டீசலில் கூடுவது 240. ஆக, ஒவ்வொரு இரவும் 460 ரூபாய் அதிகம், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாதம் 12,000-த்துக்குச் சற்றுக் குறைவு. எதற்காக? ஆறு நாளுக்காக. அந்த ஆறு நாளும் மிஞ்சும் முப்பது குலையை அண்ணாச்சியின் வண்டியில் ஏற்றிவிட்டால் குலைக்கு 20 ரூபாய் கூலி. மாதம் 3,600.

இதை அவரிடமே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அப்ப என் வண்டிக்கு லோடு வருதுல்லா?" என்றார். வண்டி பெரிதாக இருந்தால் லோடு தன்னால் வரும் என்று அவர் சொன்னதன் மீதிப் பாதி இதுதான். வரும், ஆனால் ஊரில் எல்லோரும் பெரிய வண்டி வாங்காதவரைதான். ஹாலோபிளாக், கம்பி, சிமென்ட் என்று கனச் சரக்கு அடிப்பவராக இருந்தால் நான் இந்தக் கணக்கையே போட்டிருக்க மாட்டேன். அவர்களுக்குப் பெரியதுதான் சரி. சின்ன வண்டியில் ஸ்பிரிங் பட்டை சேர்த்துக் கூடுதல் பாரம் ஏற்றுவதை யாரும் யோசனையாகச் சொன்னால் கேட்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்தில் மிகைப் பாரத்துக்கு அபராதம் 20,000-இல் தொடங்குகிறது, கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. தவிர, விளைகளுக்குப் போகும் இடவழிகளில் பாதியில் பெரிய வண்டி திரும்பாது. ரோட்டில் நிறுத்திவிட்டுத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தால் அதற்கும் கூலி.

அட்வான்ஸை ரத்து செய்தேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தபடி 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியை ஆறு வாரம் கழித்துத் தந்தார்கள்.

உண்மையான தலைவலி குட்டியானையை விற்கும்போதுதான் வந்தது. அதன் கடனை 2016-லேயே அடைத்துவிட்டேன், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயரை நீக்கவில்லை. அப்போது கொடுத்த தடையில்லாச் சான்று பீரோவில் பத்திரமாக இருந்தது, காலாவதியாகி. அந்த நிறுவனம் நம்மூர்க் கிளையை மூடிவிட்டுப் போயிருந்தது. போனில் பேசி, மெயில் அனுப்பி, திருநெல்வேலிக்கு இரண்டு நடை நடந்து, புதுச் சான்றும் படிவம் 35-இல் கையெழுத்தும் வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. வாங்குவதாக இருந்தவர் வேறு வண்டி பார்த்துவிட்டார். அடுத்து வந்தவர் 15,000 குறைத்துக் கேட்டார். உங்கள் வண்டிக் கடன் முடிந்திருந்தால், இதை வாசித்து முடித்ததும் ஆர்.சி.யை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

தோஸ்துக்கு வங்கிக் கடன் ஒப்புதல் ஆகி, நான் கையெழுத்துப் போட்ட அதே வாரம், மே 21 இரவு, மத்திய அரசு டீசல் வரியில் 6 ரூபாய் குறைத்தது. மறுநாள் பங்கில் 95. "பெரிசையே வாங்கியிருக்கலாமோ?" என்று வீட்டில் கேட்டார்கள். போன மாதம் வேண்டாம் என்ற அதே வாய்கள்.

ஜூனில் வண்டி வந்தது. முதல் சர்வீஸ் வரை பதின்மூன்றரை கொடுத்தது. இப்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை, மாதம் ஒருமுறை வழிய நிரப்பி அளக்கிறேன். டீசல் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமே போட்டுக்கொள்வது. எல்லைக்கு அப்பால் விலை கூடுதல், 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்ட பிறகு இன்னும் கூடியது. கேரளப் பதிவு வண்டிகளே இங்கே வரிசையில் நிற்கும்போது நாம் அங்கே போய் நிரப்புவதாவது.

கணக்கில் வராத ஒன்று ஓணம். 2022-இல் திருவோணம் செப்டம்பர் 8. உப்பேரிக்கும் (சிப்ஸ்) பழத்துக்கும் ஏத்தன் கேட்டு சாலைச் சந்தையில் அடிபிடி. முந்தைய பத்து நாளும் 120 குலைக்குக் குறையவில்லை, இரண்டு நாள் 150-ஐத் தாண்டியது. அண்ணாச்சி குலைக்கு 20 வாங்கிக்கொண்டிருந்தவர் 35 கேட்டார். பேசிப் பார்த்தேன். "ஓணத்துக்குத்தான மக்கா நாலு காசு பார்க்க முடியும்" என்றார். கொடுத்தேன். அடுத்த வருடம் ஆவணி பிறக்கும் முன்பே போய்ப் பேசி வைத்தேன், 28-க்குப் படிந்தது.