இரவல் சிலைகளுக்கு அரசுப் பாதுகாப்பு வாங்கிய கதை

அமெரிக்காவில் ஒரு நடுத்தர அருங்காட்சியகத்தில் ரிஜிஸ்ட்ராராக, அதாவது பொருள்களின் பதிவேடுகளையும் இரவல்களையும் கவனிப்பவராக, இருக்கிறேன். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளுக்கென ஒரு கண்காட்சி நடத்த, ஐரோப்பாவிலிருந்து 23 சிலைகளை இரவல் கேட்டிருந்தோம். தருபவர்கள் எல்லாரும் போட்ட முதல் நிபந்தனை ஒன்றுதான்: இங்கே வந்தபின் எந்த நீதிமன்றமும் சிலையைப் பிடித்து வைக்கக்கூடாது.

அந்தப் பாதுகாப்பைத் தருவது 1965ஆம் ஆண்டுச் சட்டம். லாப நோக்கமில்லாத கண்காட்சிகளுக்கு மட்டும் கிடைக்கும். வெளியுறவுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொருள் பண்பாட்டு முக்கியத்துவம் உள்ளதா, அதைக் காட்சிக்கு வைப்பது நாட்டு நலனுக்கு உகந்ததா என்று அவர்கள் முடிவு செய்து, ஃபெடரல் ரிஜிஸ்டர் என்னும் அரசிதழில் அறிவிப்பார்கள். பொருள் நாட்டுக்குள் நுழையும் முன்பே அந்த அறிவிப்பு வந்துவிட வேண்டும். எட்டு வார அவகாசமாவது கேட்பார்கள். நாங்கள் நான்கு மாதம் முன்பே தொடங்கியும் நெருக்கடிதான்.

படிவம் கஷ்டமில்லை. பொருள் பட்டியல், இரவல் ஒப்பந்தம், தேதிகள், ஒவ்வொரு பொருளும் ஏன் முக்கியம் என்ற குறிப்பு, அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் ஒரே ஒரு உறுதிமொழியில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் யார் யார் கைமாறி வந்தது என்று முறையாக விசாரித்தோம், வேறு யாரும் உரிமை கோரக்கூடும் என்று நினைக்க எங்களுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று அருங்காட்சியகம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

22 சிலைகளுக்குத் தாள்கள் சரியாக இருந்தன. ஒரு பார்வதிக்கு 1972இல் ஒரு வியாபாரி போட்ட ரசீதுதான் முதல் ஆதாரம். அதற்கு முன் எதுவுமே இல்லை. தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014இல் திரும்பி வந்ததை மறக்க முடியுமா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து கோயில்களில் எடுத்த புகைப்படங்களோடு மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஆனால் படத்தில் இல்லை என்பதால் கோயிலிலிருந்து போகவில்லை என்றாகிவிடுமா? "அதான் சட்டம் பாதுகாக்குமே, பிறகென்ன?" என்று சிலையைத் தருபவர் கேட்டார். எந்த ஊரின் அம்மனோ என்ற சந்தேகத்தை மனசில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. இயக்குநரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். பார்வதியைப் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

சிலை தரும் இன்னொரு அருங்காட்சியகத்தின் வழக்கறிஞர், ஓவியர் மாலேவிச்சின் படைப்புகள் பற்றிய வழக்கைக் கிளப்பினார். 2003இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த 14 படைப்புகளுக்கு இதே பாதுகாப்பு இருந்தும், வாரிசுகள் இங்கே வழக்குத் தொடுத்தார்கள். பறிமுதல்தான் கூடாதே தவிர வழக்கைக் கேட்கலாம் என்றது நீதிமன்றம். வெளிநாட்டு அரசுகள் மீது வழக்குத் தொடுப்பது பற்றிய வேறொரு சட்டம் 2016இல் திருத்தப்பட்டு இப்படிப்பட்ட வழக்குகளுக்குத் தடை வந்ததையும், நாஜிகள் காலத்துக் கோரிக்கைகளுக்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கு இருப்பதையும் விளக்கி எழுதியபின் அவர் சம்மதித்தார்.

அப்புறம் காத்திருப்பு. துறையிலிருந்து இரண்டு சிலைகளைப் பற்றிக் கேள்வி வந்தது, அன்றைக்கே பதில் அனுப்பினோம். அப்படியும் விமானத்துக்கு நான்கு நாள் முன்புவரை அறிவிப்பு வரவில்லை. முன்பதிவை ஒரு வாரம் தள்ளி வைத்தேன். செலவு கூடியது, பரவாயில்லை. அறிவிப்புக்கு முன் ஒரு பெட்டி தரையிறங்கினாலும் அதற்குப் பாதுகாப்பு கிடையாது. இந்த வேலையில் இறங்குபவர்கள், இரவல் கேட்டுக் கடிதம் எழுதும் நாளிலேயே உரிமை வரலாற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழக்கிழமை பெட்டிகள் கிளம்பின.