வளர்ந்துவிடுவாள் என்று வாங்கக்கூடாத பொருள்

கனடாவில் துப்பாக்கி உரிமத்துக்கான விண்ணப்பத்தில் வாழ்க்கைத்துணை கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது. போடாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடாது, ஆனால் அதிகாரிகள் அவருக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். என் மனைவி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், பேனாவை மேசைமேல் வைத்தாள். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

"நம்ம பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசுகூட ஆகலை. அவளுக்கு எதுக்குங்க துப்பாக்கி?"

டொரான்டோவில் குடியேறியிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். வேலை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சஸ்காச்சுவானில் ஒரு சிற்றூரில். ஊரைத் தாண்டினால் கோதுமையும் கனோலா என்னும் எண்ணெய்வித்துப் பயிரும்தான். கோஃபர் என்று இங்கே சொல்லும் தரையணில் மேய்ச்சல் நிலத்தையெல்லாம் துளைத்து வைத்துவிடும். குழியில் கால் வைத்து மாடு ஒடித்துக்கொள்ளும் என்று பண்ணைக்காரர்களுக்கு அதன்மேல் தீராத கோபம். அதற்காகவே பண்ணை வீடுகளில் சின்னத் தோட்டா போடும் ஒரு .22 ரைஃபிள் இருக்கும், நம் வீட்டில் கடப்பாரை இருப்பதுபோல. மகள் அந்த வீடுகளுக்குத்தான் விளையாடப் போகிறாள். துப்பாக்கியைக் குண்டு நீக்கிப் பூட்டி வைக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்காக அடுத்தவர் வீட்டுப் பூட்டை நான் போய் இழுத்துப் பார்க்க முடியுமா?

மனைவியின் மனதை மாற்றியது என் வாதம் இல்லை. ஒருநாள் மகளைக் கூட்டிவரப் போனவள், அந்த வீட்டு வாசலறையில் கோட்டுகளுக்கு நடுவே ஒரு ரைஃபிள் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கு முன்பே பாதுகாப்பு வகுப்பை நான் முடித்திருந்தேன். எழுத்துத் தேர்வு, செயல்முறைத் தேர்வு, இரண்டிலும் 80 விழுக்காடு எடுத்தாகவேண்டும். கல்லூரியில் என்.சி.சி. முகாமில் ஐந்து குண்டு சுட்டவன் என்ற பெருமையோடு போய் உட்கார்ந்தேன். செயலிழக்கச் செய்த பழைய துப்பாக்கி ஒன்றைப் பயிற்சிக்குக் கையில் கொடுத்தார்கள். வாங்கிய அடுத்த நொடி என் விரல் தானாக விசைக்குள் போய்விட்டது. பயிற்றுநர் எதுவும் பேசவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் எடுக்கும்வரை. பக்கத்தில் இருந்த பதினாலு வயதுப் பையன் விரலைக் குழலோடு நீட்டி வைத்து அழகாகப் பிடித்திருந்தான். எந்தத் துப்பாக்கியும் குண்டு உள்ளதே என்று கொள், குழல்முனை எங்கே நோக்குகிறது என்று எப்போதும் பார், சுடும் நேரம்வரை விசையில் விரல் வைக்காதே, காலியா என்று நீயே திறந்து பார்த்து உறுதி செய். அந்தப் பையனுக்கு இதெல்லாம் பல் தேய்ப்பதுபோல இருந்தது.

முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சிறார் உரிமம் இருக்கிறது. அதை வைத்துத் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுடலாம், சொந்தமாக வாங்க முடியாது. அந்த உரிமம் வரும்வரை, உரிமம் உள்ள பெரியவர் கையெட்டும் தூரத்தில் நின்று மேற்பார்த்தால் போதும். ஆக, துப்பாக்கி என் பெயரில், பொறுப்பும் என் தலையில்.

கடைக்குப் போனபோதுதான் தவறு செய்தேன். முழு அளவு ரைஃபிள் ஒன்று, மேலே குறிபார்க்கும் தொலைநோக்கியான பெரிய ஸ்கோப்போடு, நல்ல விலைக்கு வந்தது. "கொஞ்சம் நீளம்தான், வளர்ந்துவிடுவாள்" என்றார் விற்றவர். பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைத்துப் பழகிய வம்சம் நாம். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். 2022-இலிருந்து இந்த வகைத் துப்பாக்கிக்கும் விற்பவர் வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்த்து ஓர் எண் பெறவேண்டும். அந்த எண் வந்துவிட்டது. அந்த ரைஃபிள் என் மகளுக்குப் பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

சுடுதளத்தில் முதல் நாளே தெரிந்துவிட்டது. (கிலோமீட்டரில் ஓடும் நாட்டில், சுடுதளத்துக்குள் மட்டும் எல்லாரும் கஜத்தில் பேசுகிறார்கள்.) முன்பாரம் தாங்காமல் குழந்தை இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்ந்தாள். தோளில் வைக்கும் பின்கட்டை அங்கே நிற்காமல் அக்குளுக்குள் போயிற்று. ஸ்கோப்பில் கண் வைக்கக் கழுத்தைக் கொக்குபோல நீட்டினாள், அப்போதும் பாதி நேரம் வெறும் கறுப்பு வட்டம்தான் தெரிந்தது. 25 கஜத்தில் பத்துச் சுட்டு மூன்றுதான் தாளில் பட்டது.

"எனக்கு இது வராதுப்பா."

பக்கத்து மேடையில் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் இருந்தார், எழுபதைத் தாண்டியவர். இரண்டு துப்பாக்கியும் காலியா என்று பார்த்துவிட்டு, அவளை முழங்கையை மடக்கி நிற்கச் சொன்னார். கட்டையின் அடியை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டவில்லை, இரண்டு அங்குலத்துக்குமேல் இடைவெளி இருந்தது. பெரியவர்களுக்கான ரைஃபிளில் கட்டையின் அடியிலிருந்து விசைவரை பதின்மூன்றரை அங்குலம் போல இருக்கும், இளையோர் அளவில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில்.

அப்புறம், இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்துக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடு என்றார். இடக்கண்ணை மூடியதும் அவளுக்குக் கம்பம் காணாமல் போயிற்று. வலக்கைப் பிள்ளை, இடக்கண் ஆட்சி. இத்தனை நேரமும் வலத்தோளில் வைத்து, குறி பார்க்கத் தெரியாத கண்ணால் குறி பார்த்திருக்கிறாள். எழுதும் கை எது என்று எனக்குத் தெரியும். பார்க்கும் கண் எது என்று பதினோரு வருடம் யோசித்ததே இல்லை.

அவர் தன் பழைய ரைஃபிளைக் கொடுத்தார், கூயி என்ற கம்பெனியுடையது. ஒன்டாரியோவில் கோபர்க் என்ற ஊரில் செய்தது. கம்பெனி 1961-இல் கைமாறி, பிறகு மூடியே போய்விட்டது, ஆனாலும் கனடாவில் பல தாத்தாக்கள் சுடப் பழகியது அதில்தான். ஒரே குண்டு. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் கைப்பிடித் தண்டான போல்ட்டை மூடினாலும் சுடாது, பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்தால்தான் தயாராகும். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் விரல் வலிக்கும் அளவுக்கு ஸ்பிரிங் கடினம். இழுத்த குமிழ் வழுக்கினால் ஆபத்து என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த முழு அளவு ரைஃபிளை நட்டத்துக்கு விற்றேன். அடுத்தமுறை கடைக்கு அவளையும் கூட்டிப் போனேன். அரைத்தானியங்கி வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அதில் ஒரு குண்டு போனதும் அடுத்தது தானே உள்ளே வந்துவிடும். கற்கும் பிள்ளை சந்தோஷத்தில் துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கும் அந்த நொடி எனக்குப் பயம். போல்ட் என்றால் ஒவ்வொரு தடவையும் கை விசையை விட்டு வெளியே வந்தாகவேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு கிலோவுக்குச் சற்று மேலே எடையுள்ள ஒற்றைக்குண்டு ரைஃபிளும் இருந்தது. எடுத்துப் பார்த்தாள், பொம்மை மாதிரி இருக்கிறது என்று வைத்துவிட்டாள். ரொம்ப லேசாக இருந்தாலும் குழல்முனை ஆடும்.

கடைசியில் எடுத்தது சாவேஜ் மார்க் II, இளையோர் அளவு, இடத்தோளில் வைத்துச் சுட வசதியாக இடப்பக்கம் போல்ட். அதுவும் ஒன்டாரியோவில், லேக்ஃபீல்டில் செய்வதுதான். எடை இரண்டேகால் கிலோ. பல தோட்டா அடுக்கும் மேகசின் உண்டு என்றாலும் முதல் வருடம் ஒரு தோட்டாவுக்குமேல் அதில் போட்டதில்லை. ஸ்கோப் கிடையாது, திறந்த குறிதான். குழல்முனையில் உள்ள முன்குறியில் கண்ணை நிறுத்தப் பழகாமல் ஸ்கோப்புக்குப் போகக்கூடாது என்பது என் கட்சி. சுடுதளத்தில் பாதிப்பேர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

.22 என்றால் உதை இல்லை, விலை குறைவு, சத்தம் குறைவு. ஆனால் காதுக்கு மூடி இல்லாமல் சுடும் அளவுக்குக் குறைவு இல்லை. தோட்டாப் பெட்டியிலேயே ஒரு மைலுக்குமேல் போகும் என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள். அந்த வரியை மகளை விட்டுத்தான் வாசிக்கச் சொன்னேன். அன்றைக்கு அவள் சுடவில்லை. இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டின் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ரைஃபிள் இரும்பலமாரியில், போல்ட் வேறிடத்தில், தோட்டா தனிப்பெட்டியில் பூட்டி. சாவி மனைவியிடம். சுட்டு வந்தால் கை கழுவாமல் சமையலறைக்குள் வரக்கூடாது என்பதும் அவள் சட்டம், ஈயம் ஒட்டியிருக்கும் என்று. குளிர்காலத்தில் மைனஸ் இருபதிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் உறையைத் திறந்துவிட்டு, இரும்பெல்லாம் வியர்த்து ஊற்றியதில் ஒருமுறை துரு கண்டது. இப்போதெல்லாம் உறையோடு சில மணிநேரம் சூடாகவிட்டுத்தான் திறக்கிறோம்.

கோஃபரைச் சுட அவளுக்கு இஷ்டமில்லை. தாளும் தகர டப்பாவும் போதும் என்கிறாள். இப்போது பதின்மூன்றரை வயது, உரிமம் வாங்கிவிட்டாள். கட்டையின் அடியில் ஒரு பட்டை வைத்து முக்கால் அங்குலம் நீட்டியும் அவளுக்குக் கட்டை குட்டையாகிவிட்டது. சென்ற வாரம் தம்பியை நிறுத்தி முழங்கை மடிப்பில் வைத்து அளந்தோம். அச்சாகப் பொருந்தியது. மனைவி செலவு மிச்சம் என்றாள்.

அப்புறம் கையை நீட்டி ஓட்டை வழியாகக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னோம். அவனுக்கு வலக்கண்.