சென்ட்ரோமியரை எண்ணுங்கள்

தேர்வு ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. போன முறை என்னைக் கவிழ்த்த செல் பிரிதல் பாடம்தான் இந்த முறை கைகொடுத்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன முறை வந்த கேள்வி: மைட்டாசிஸ் (ஒரு செல் தன்னைப் போலவே இரண்டாகப் பிரிவது) அனாஃபேஸில் (குரோமோசோம்கள் எதிரெதிர் துருவங்களுக்கு இழுபடும் கட்டம்) மனித செல்லில் எத்தனை குரோமோசோம்கள்? 46 என்று குறித்தேன். விடை 92. ‘மைட்டாசிஸில் எண்ணிக்கை மாறாது’ என்று உருப்போட்டு வைத்திருந்ததால் வந்த வினை. அது தாய் செல்லையும் சேய் செல்லையும் ஒப்பிடும்போதுதான் சரி.

இரட்டித்த குரோமோசோமின் இரு நகல்களும் ஒட்டியிருக்கும் இடம்தான் சென்ட்ரோமியர். எத்தனை சென்ட்ரோமியரோ அத்தனை குரோமோசோம். இதை மட்டும் விடாதீர்கள். பிரிதலுக்கு முன் வரும் எஸ் கட்டத்தில் டிஎன்ஏ இரட்டித்து 92 குரோமேட்டிடுகள் (அந்த நகல் இழைகள்) வந்தாலும், இரண்டிரண்டாக ஒரே சென்ட்ரோமியரில் இணைந்திருப்பதால் கணக்கு 46தான். அனாஃபேஸில் செப்பரேஸ் நொதி, இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் புரதத்தை வெட்டியதும் ஒவ்வொரு குரோமேட்டிடும் தனிக் குரோமோசோம்.

எனக்குப் படித்தால் மட்டும் ஏறாது, கையால் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு குரோமோசோம் ஜோடியிலும் ஒன்று சிவப்பு, மற்றது நீலம்: சிவப்பு நூலில் ஒரு நீளம், ஒரு குட்டை, நீலத்திலும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வெட்டி, நூலையும் நகலையும் சேர்த்து நடுவில் சென்ட்ரோமியராக ஒரு குண்டூசி. மியாசிஸ் என்பது இனச்செல்களை உருவாக்க இரண்டு முறை நடக்கும் பிரிதல். முதலாம் மியாசிஸில் சிவப்பும் நீலமும் எதிரெதிரே போகும், ஆனால் குண்டூசியைத் தொடக்கூடாது. அந்த இடத்துக் கொஹீசினை ஷுகோஷின் என்ற புரதம் காக்கிறது. ஜப்பானிய மொழியில் அதற்குக் காவல் தெய்வம் என்று பொருள். குண்டூசியை உருவுவது இரண்டாம் மியாசிஸில்தான். இதை மூன்று முறை செய்தபின் எனக்குப் பட்டியலே தேவைப்படவில்லை. இருந்தாலும், மனித செல்லுக்கு (1சி என்பது ஒரு கேமீட்டில், அதாவது இனச்செல்லில், உள்ள டிஎன்ஏ அளவு):

- ஜி2 (எஸ் முடிந்து, பிரிதலுக்கு முன்): 46 குரோமோசோம், 4சி டிஎன்ஏ
- மைட்டாசிஸ் அனாஃபேஸ்: 92, 4சி
- முதலாம் மியாசிஸ் முடிந்த ஒவ்வொரு செல்லிலும்: 23, 2சி
- இரண்டாம் அனாஃபேஸ்: 46, 2சி
- கேமீட்: 23, 1சி

அப்புறம், முதலாம் மியாசிஸின் தொடக்கத்தில் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கே கலத்தல் நடப்பது பாக்கிடீன் கட்டத்தில், அந்தக் குறுக்குப் பிணைப்பான கயாஸ்மா கண்ணுக்குத் தெரிவது அடுத்து வரும் டிப்ளோடீனில். பொருத்துக கேள்வியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குழப்புவார்கள். இதேபோல் குழப்பும் இன்னொரு எண்: டிஎன்ஏ சுருண்டிருக்கும் மணி போன்ற நியூக்ளியோசோமில் எட்டு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றுவது சுமார் 147 கார இணைகள். இணைப்புப் பகுதியையும் சேர்த்தால் ஏறத்தாழ 200. கேட்பது எது என்று பாருங்கள்.

இந்த முறை இருமய எண்ணிக்கை (ஜோடிகளாக உள்ள மொத்தக் குரோமோசோம்கள்) 8 கொண்ட செல்லைக் கொடுத்து, முதலாம் அனாஃபேஸில் ஒரு துருவத்துக்குப் போகும் குரோமேட்டிடுகள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். ஓரத்தில் நான்கு குண்டூசி வரைந்தேன், ஒவ்வொன்றிலும் இரண்டு நூல். 8 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.