பழைய டிஸ்க்கும் பர்மிஷன் பஞ்சாயத்தும்

மார்ச் 8, சனி

பழைய கம்ப்யூட்டரோட போர்டு செத்துப்போச்சு, டிஸ்க் நல்லாத்தான் இருக்குன்னு கடைக்காரர் கழட்டிக் குடுத்துட்டார். அதை யுஎஸ்பி கேஸ்ல போட்டு புது மெஷின்ல சொருகினேன். ரெண்டுலயும் உபுண்டு லினக்ஸ்தான், அதுல 18.04, இதுல 24.04. மவுன்ட் ஆயிடுச்சு, அதாவது டிஸ்க் ஒரு ஃபோல்டரா திறந்துடுச்சு, ஃபோட்டோ எல்லாம் தெரியுது, ஆனா என் பழைய ஃபோல்டர்ல ஒரு ஃபைலைத் திருத்தி சேவ் பண்ணப் போனா பர்மிஷன் டினைட், உனக்கு உரிமை இல்லங்குது. அதே டிஸ்க்ல அப்பாவோட ஃபோல்டர்ல மட்டும் நான் என்ன வேணா எழுதலாம், அழிக்கலாம்!

ஃபைல் பட்டியலை ஓனர் பேரோட காட்டற எல்எஸ் மைனஸ் எல் கமாண்ட் போட்டா இன்னும் கூத்து. அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கு ஓனர் நான், என் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஓனர் தங்கச்சி. நான் அதைப் பண்ணப்போ அவ ஸ்கூல் யூனிஃபார்ம்ல சுத்திட்டிருந்தா.

மார்ச் 9, ஞாயிறு

எல்-க்கு பதிலா எல்எஸ் மைனஸ் என் போட்டா பேர் வராது, நம்பர்தான் வரும். அதுலயே விஷயம் தெரிஞ்சுபோச்சு. டிஸ்க்ல யார் பேரும் எழுதி இருக்காது, யூசர் ஐடி நம்பர் மட்டும்தான். அந்த நம்பருக்கு யார் பேருன்னு இப்போ ஓடிட்டிருக்கற மெஷினோட பாஸ்வேர்டு ஃபைலை, அதாவது அதோட யூசர் பட்டியலைப் பாத்துதான் காட்டுது. உபுண்டுல முதல் அக்கவுன்ட்டுக்கு 1000, அடுத்ததுக்கு 1001. பழைய மெஷின்ல அப்பா 1000, நான் 1001. புதுசுல நான் 1000, தங்கச்சி 1001. அவ்ளோதான் மர்மம்.

ஆபீஸ் நண்பர்கிட்ட சொன்னா, "எல்லாத்துக்கும் 777 போட்டு விடுப்பா, வேலை முடிஞ்சுது"ங்கறார். பர்மிஷன் நம்பர்ல மூணு இலக்கமும் ஓனர், குரூப், மத்தவங்கன்னு வரிசையா இருக்கும்; 7-ன்னா எல்லா உரிமையும், 6-ன்னா படிக்க எழுத, 5-ன்னா படிக்க, உள்ள போக, 4-ன்னா படிக்க மட்டும், 0-ன்னா ஒண்ணும் இல்ல. இந்த வைத்தியம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கதவு திறக்கலன்னா கதவையே கழட்டி வெளில வெக்கற மாதிரி. போன வருஷம் அவரே தன் ஹோம் ஃபோல்டர் முழுசுக்கும் 777 போட்டுட்டு, வேற மெஷினுக்குள்ள லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச் கீ வேலை செய்யலன்னு வந்து நின்னார். பிரைவேட் கீயை மத்தவங்களும் படிக்கலாம்னு இருந்தா எஸ்எஸ்ஹெச் அதைத் தொடாது, 600 இருக்கணும்.

சரியான வழி ஓனர் நம்பரை மாத்தறது, ஆனா அதுக்கும் ஒரு வரிசை இருக்கு. எடுத்த எடுப்புல 1001 எல்லாத்தையும் 1000 ஆக்கிட்டா என்னோடதும் அப்பாவோடதும் ஒண்ணா கலந்துடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அதனால முதல்ல அப்பாவுக்கு இங்க அக்கவுன்ட் போட்டேன், 1002 வந்துச்சு. ஃபைன்ட் கமாண்ட்ல யூஐடி 1000 உள்ளதை எல்லாம் தேடி, ஓனரை மாத்தற சௌன் கமாண்ட்ல 1002 ஆக்கி, அது முடிஞ்சப்புறம் 1001-ஐ 1000 ஆக்கினேன். குரூப் நம்பருக்கும் இதே வரிசைதான்.

மார்ச் 11, செவ்வாய்

தங்கச்சி அவ லாகின்ல இருந்து பாத்தா டிஸ்க்கே திறக்கல. ஃபைல் எல்லாம் 664, யார் வேணா படிக்கலாம்னுதான் இருக்கு, அப்போ எங்க தடுக்குது? இந்த மாதிரி நேரத்துல ஃபைலையே முறைச்சுப் பாத்துட்டிருந்தா பிரயோஜனம் இல்ல, போற பாதையைப் பாக்கணும். நேம்ஐ மைனஸ் எல்னு ஒரு கமாண்ட் இருக்கு, எல்லாத்துக்கும் மேல இருக்கற ரூட் ஃபோல்டர்ல இருந்து ஃபைல் வரைக்கும் ஒவ்வொரு ஃபோல்டரோட பர்மிஷனையும் வரிசையா காட்டும். நடுவுல ஒரு ஃபோல்டர்ல எக்ஸ், அதாவது உள்ள போற உரிமை, இல்லன்னா அதுக்குக் கீழ 777 இருந்தாலும் போக முடியாது.

என் லாகின்ல டிஸ்க்கை சொருகினா மீடியாவுக்குள்ள என் பேர்ல இருக்கற ஃபோல்டர்லதான் மவுன்ட் ஆகுது, அதுக்குள்ள நான் மட்டும்தான் போகலாம். எல்எஸ்ல பர்மிஷனுக்குப் பக்கத்துல ஒரு பிளஸ் குறி தெரிஞ்சா ஏசிஎல், அதாவது தனித்தனி ஆளுக்குக் குடுத்த கூடுதல் உரிமை, இருக்குன்னு அர்த்தம், கெட்எஃப்ஏசிஎல் போட்டா யாருக்குன்னு சொல்லிடும். சரின்னு பூட் ஆகறப்போ எதை எங்க மவுன்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல டிஸ்க்கோட அடையாள எண்ணான யூயூஐடி-யைக் குடுத்து, யார் ஹோமுக்குள்ளயும் இல்லாத எஸ்ஆர்வி ஃபோல்டருக்குக் கீழ மவுன்ட் பண்ணிட்டேன். நோஃபெயில் ஆப்ஷன் கட்டாயம் போடணும், இல்லன்னா டிஸ்க்கை சொருகாம பூட் பண்ற அன்னிக்கு ஒன்றரை நிமிஷம் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுல போய் உக்காந்துக்கும்.

இப்போ அவளுக்குத் தெரியுது. அப்பாவோட பேங்க் பேப்பரும் சேந்தே தெரியுது. அந்த ஃபோல்டருக்கு 700 போட்டுட்டேன், அப்பா மட்டும்தான் திறக்கலாம்.

மார்ச் 15, சனி

ஃபோட்டோவுக்கு பொது ஃபோல்டர் வேணுமாம். என் ஹோமுக்குள்ள வெச்சா அவளால வரமுடியாது, 21.04-ல இருந்து உபுண்டு ஹோம் ஃபோல்டரை 750-ஆத்தான் உருவாக்குது. அதனால அதையும் எஸ்ஆர்வி-லயே போட்டேன், ஆனா மெஷினோட சொந்த டிஸ்க்ல. வீடுன்னு ஒரு குரூப், ஓனர் ரூட்ங்கற தலைமை அக்கவுன்ட், பர்மிஷன் 2775. முன்னாடி வர்ற அந்த 2 இருந்தா உள்ள புதுசா வர்ற ஃபைல் எல்லாம் வீடு குரூப்லயே பிறக்கும். குரூப்ல ஆள் சேர்க்கறப்போ யூசர்மோட் கமாண்ட்ல பெரிய ஜி-யோட சின்ன ஏ-வும் இருக்கணும், அது விட்டுப்போச்சுன்னா, ரூட்டோட அதிகாரத்தைத் தர்ற சூடோ உட்பட மத்த குரூப்ல இருந்து எல்லாம் தூக்கிடும். சேர்த்தப்புறம் லாக் அவுட் பண்ணிட்டு வந்தாத்தான் பலிக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

"அண்ணா, நான் போட்ட கல்யாண ஃபோட்டோவை க்ராப் பண்ணித் தர்றேன்னியே?"

பண்ண முடியல. குரூப் அவ பேர்ல இருக்கு. அவ காப்பி பண்ணல, கட் பண்ணி பேஸ்ட் பண்ணிருக்கா. ஒரே டிஸ்க்குக்குள்ள மூவ் பண்ணா ஃபைல் புதுசா பிறக்கறதில்ல, இடம் மட்டும்தான் மாறுது, பழைய குரூப் அப்படியே ஒட்டிட்டு வருது, 2775 எல்லாம் அங்க செல்லாது. காப்பி பண்ணுடின்னு சொன்னேன், கேக்க மாட்டா. அதனால ராத்திரி ஒருதடவை தானா ஓடற மாதிரி ரூட்டோட கிரான்ல அந்த ஃபோல்டர் முழுக்க குரூப் மாத்தி, குரூப்புக்கு ஆர் டபிள்யூவும் பெரிய எக்ஸும் குடுக்க வெச்சுட்டேன். பெரிய எக்ஸ் போட்டா ஃபோல்டருக்கு மட்டும் எக்ஸ் கிடைக்கும், ஃபோட்டோ எல்லாம் எக்ஸிக்யூட்டபிள் ஆகாது.

அடுத்து, "நான் போட்டதை நீ டெலீட் பண்ண முடியுமா?"ன்னா. முடியும். ஃபோல்டர்ல எழுத உரிமை இருந்தா அடுத்தவங்க ஃபைலையும் அழிக்கலாம், அந்த ஃபைலோட சொந்த பர்மிஷன் குறுக்க வராது. உடனே மாத்தச் சொல்லிட்டா. டெம்ப் ஃபோல்டர்ல இருக்கற அதே ஸ்டிக்கி பிட், 2775-ஐ 3775 ஆக்கினேன். இனிமே அவங்கவங்க போட்டதை அவங்கவங்கதான் அழிக்கணும், சூடோ வெச்சிருக்கற என்னைத் தவிர. அதை அவகிட்ட சொல்லல.